நாற்பதாயிரத்தில் ஒரு கேமிங் பொட்டி

"அப்பா, ஒரு லோன் ப்ரொபோசல் இருக்கு. பாக்குறியாப்பா?"

2025 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லீவு நாளிலும் நம்மைத் தேடி வந்து விடுகிறார்களே என்று நிமிர்ந்தால், நிற்பது நம்ம வீட்டுச் சின்னவர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து அஞ்சு நாள் ஆகியிருந்தது. மார்க் நல்ல மார்க். எனவே முகத்தில் ஒரு தைரியம். கையில் ஒரு ஏ4 தாள். மேலே தலைப்பு, நடுவில் அட்டவணை, கடைசியில் கொட்டை எழுத்தில் மொத்தம்: 92,400 ரூபாய்.

இருபத்து மூணு வருஷமாகக் கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டும், போடாமல் தப்பித்தும் பிழைப்பு நடத்துகிறவன் நான். விடுவேனா?

"மனுதாரருக்கு வருமானம்?"

"இல்ல."

"மார்ஜின் இருபத்தஞ்சு சதவீதம் கட்டணுமே?"

"உண்டியல்ல 4,300 இருக்கு."

"செக்யூரிட்டி?"

"நீதாம்ப்பா."

அடுக்களையில் தங்கமணி சிரித்த சத்தம் கேட்டது. மனு நிராகரிக்கப்பட்டது. பையன் தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஒண்ணும் பேசாமல் போனதுதான் உறுத்தியது.

"கேமிங்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கிளையில் எத்தனை சம்பளக் கணக்கைப் பார்த்திருக்கிறேன்! ஒண்ணாம் தேதி சம்பளம் வரவு. அன்று ராத்திரியிலிருந்து 500, 1,000, மறுபடி 500 என்று ரம்மி ஆப்புக்குப் பற்று. பத்தாம் தேதி கணக்கில் ஒண்ணும் இருக்காது. பதினஞ்சாம் தேதி அதே ஆள் பர்சனல் லோன் கேட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் இதற்கென்று 2022இல் மசோதா நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. அதே சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, அதை வளர்க்கவும் வழி சொல்கிறது. மே மாதம் எனக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது. எல்லாமே ரம்மிதான்.

"காசு கட்டுற ஆட்டமில்லப்பா. வேலரண்ட். சும்மா இறக்கிக்கலாம். இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர்" என்று ராத்திரி சாப்பிடும்போது விளக்கினான்.

"அப்புறம் அந்தக் கம்பெனிக்காரன் எப்படிப் பிழைக்கிறான்?" இது தங்கமணி. (வங்கியில் வேலை பார்த்திருக்க வேண்டியவள்.)

"துப்பாக்கிக்கு கலர் கலரா சட்டை மாட்ட காசு கேப்பாங்க. நான் வாங்க மாட்டேன்."

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் பி.காம் படித்த காலத்தில் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே கணினியில் ரோட் ரேஷ் விளையாடுவோம். பைக்கில் போய்க்கொண்டே பக்கத்து ஆளை எட்டி உதைக்கும் உன்னதமான விளையாட்டு. ஒரு மணி நேரக் காசை நாலு பேர் பங்கு போட்டு, ஆளுக்குக் கால் மணி நேரம். மிச்ச முக்கால் மணி நேரம் பின்னால் நின்று கத்துவோம். உண்மையைச் சொன்னால், அந்தக் கத்தல்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பைக் ஓட்டியது அவ்வளவாக இல்லை.

சரி, நிராகரித்த மனுவை மறுபரிசீலனை செய்யலாம் என்று தோன்றியது. நாற்பதாயிரம் உச்ச வரம்பு. கால் பங்கு அவனுடையது. ஒவ்வொரு ஐட்டமும் ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். புரியாத ஐட்டத்துக்குக் காசு கிடையாது.

மார்ஜின் இரண்டே நாளில் வந்தது. உண்டியல் 4,300. ரிசல்ட்டுக்கு அப்பத்தா அனுப்பியது 5,000. வீட்டில் கிடந்த பழைய பேப்பர், பாட்டில் எல்லாம் போட்டு 700. சொல்லி வைத்த மாதிரி பத்தாயிரம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு வகுப்பு நடந்தது. காமர்ஸ் படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வீட்டில் இதே மனுவோடு ஒரு பிள்ளை நிற்கலாம், உதவும்.

முதல் மனு 92,400க்குப் போனதற்கு முக்கியக் காரணம் கிராபிக்ஸ் கார்டு. படம் வரைந்து தள்ளும் தனி அட்டை. கேமிங் கணினியில் பெரும்பாலும் இதுதான் விலை கூடிய ஐட்டம். ஆனால் சில பிராசசர்களுக்குள்ளேயே சுமாரான கிராபிக்ஸ் அடங்கியிருக்கிறது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி அப்படி ஒன்று. 2021இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். வேலரண்ட் மாதிரி லேசான ஆட்டத்துக்கு இதுவே போதும். பிற்பாடு கையில் காசு சேர்ந்தால் தனி கார்டை அதே பொட்டியில் செருகிக்கொள்ளலாம்.

கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக் கடனில் அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று பிரித்துக் கொடுப்பதுதானே நம் தொழில்! முதல் தவணை இப்போது. இரண்டாம் தவணை பதினொண்ணாம் வகுப்பு முதல் டெர்ம் பார்த்த பிறகு. உடனே சாங்ஷன்.

அடுத்தது ராம். 16 ஜிபி வேண்டும் என்றான். "16 ஜிபியில் ஒண்ணு வாங்கினால் ஒரு ஸ்லாட் மிச்சமாகுமே, எதற்கு 8 ஜிபியில் ரெண்டு?" என்று கேட்டேன். "ஒரு கவுன்ட்டர் திறந்து வச்சா கூட்டம் வேகமா நகருமா, ரெண்டு கவுன்ட்டர் திறந்து வச்சாவா?" என்று திருப்பிக் கேட்டான். டிடிஆர்4 3200 ராம் ஒண்ணு நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். ரெண்டு போட்டால் 51.2. உள்ளே அடங்கிய கிராபிக்ஸுக்குத் தனியாக மெமரி கிடையாது, இந்த ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. அதனால் அதற்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மூவாயிரம் ரூபாய்ச் செலவில் வேகம் இரட்டிப்பாகிற இடம் இது ஒண்ணுதான்.

மூணாவது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. இதில்தான் நம் ஆட்கள் காசை மிச்சம் பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள். மேலே "450 வாட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பக் கூடாது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 16 ஆம்பியர் என்றால் 12 x 16 = 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 192இல் இருந்துதான். பேலன்ஸ் ஷீட் மொத்தம் கோடிக்கணக்கில் இருக்கும், கையில் ரொக்கம் இருக்காது. அந்த மாதிரி கம்பெனி எத்தனை பார்த்திருக்கிறோம்! மலிவு எஸ்எம்பிஎஸ் போனால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். எனவே இதில் மட்டும் நானே ஒரு படி மேலே போய் 550 வாட் பிரான்ஸ் தரம் என்று திருத்தி எழுதினேன்.

யூபிஎஸ்ஸிலும் இதே கதை. 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பார்த்ததில் நிஜமாகக் கிடைப்பது 360 வாட். எங்கள் தேவைக்கு அது போதும்.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு, மும்பைக்காரர்களுக்கு லாமிங்டன் ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. புனேயில் வயர், பிளக், சில்லறை எலக்ட்ரானிக்ஸ் என்றால் புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லி. கணினிப் பாகங்களுக்குத் திலக் ரோடு பக்கம் போகலாம் என்றார்கள் ஆபீஸில். ஒரு சனிக்கிழமை, வங்கிக்கு லீவான சனிக்கிழமை, கோத்ரூடிலிருந்து கிளம்பினோம்.

தாப்கீர் கல்லியில் ஸ்பைக் போர்டும் யூபிஎஸ்ஸும் வாங்கி, ஆட்டோ பிடித்துத் திலக் ரோடு போய் இறங்கும்போது மணி ஒண்ணு இருபது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் போர்டு: மதியம் 1 முதல் 4 வரை மூடியிருக்கும். கீழே இன்னொரு வரி, மராத்தியில். பையன் படித்துச் சொன்னான்: "தட்டினாலும் மூடித்தான் இருக்கும்." புனேக்காரர்களின் மதியத் தூக்கமும், இந்தக் குத்தல் போர்டுகளும் ஊர்ப் பிரசித்தம். ஒரு வருஷமாக இருந்தும் நான் மறந்துவிட்டேன்.

என்ன செய்ய? பரசுராம்பாவ் கல்லூரி பக்கமாக நடந்து ஒரு கரும்புச்சாறுக் கடையில் உட்கார்ந்தோம். இங்கே சாறு பிழியும் சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். பிழியப் பிழிய ஜல் ஜல்லென்று சத்தம். இரண்டரை மணி நேரம் போக வேண்டும். என் பையனும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

பேச்சுக்கு எதையாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று பரம் கதையைச் சொன்னேன். 1980களில் இந்தியா அமெரிக்காவிடம் பெரிய கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை, வானிலைத் துறைக்குச் சற்றுச் சின்னதாக ஒன்றுதான் வந்தது. நாமே செய்துகொள்வோம் என்று 1988இல் இதே புனேயில் சி-டாக் ஆரம்பித்தார்கள். விஜய் பட்கர் தலைமை. பிரம்மாண்டமான ஒற்றைப் பிராசசர் செய்ய வசதி கிடையாது. அதனால் டிரான்ஸ்ப்யூட்டர் என்ற சின்னச் சின்ன சில்லுகளை நிறைய வாங்கி, ஒரே வேலையைப் பங்கு பிரித்துச் செய்யும்படி கோத்தார்கள். 1991இல் பரம் 8000 வந்தது. பிற்பாடு 2007 நவம்பரில் இதே ஊரில் டாடா குழுமத்துக் கம்பெனி ஒன்று செய்த 'ஏகா', உலகப் பட்டியலில் நாலாவது இடத்துக்கு வந்தது.

"கிராபிக்ஸ் கார்டும் அதே ஐடியாதாம்ப்பா" என்றான். "ஒரு பெரிய ஆளுக்குப் பதிலா ஆயிரம் சின்ன ஆளு."

கொஞ்ச நேரம் சலங்கைச் சத்தம் மட்டும்.

"நீ இப்ப அம்மா லேப்டாப்ல ஆடுறதானே? அதுல என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"அதுல ஆட முடியாதுப்பா. இருபது ஃப்ரேம்தான் வரும். நான் ஆடினா அவங்க தோத்துருவாங்க."

"அப்ப ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கிட்டுக் கத்துறியே?"

"நான் ஆடலப்பா. அவங்க ஆடுறதை ஸ்க்ரீன் ஷேர்ல பாப்பேன். 'ஏய், பின்னாடி ஒருத்தன் வர்றான்'னு சொல்வேன். அவ்வளவுதான்."

2024 ஜூனில் ஸ்கேல் மூணு பதவி உயர்வு கொடுத்த கையோடு எனக்குப் புனே மாற்றல் வந்தது. ஒன்பதாவது முடித்திருந்த பையனை மதுரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, இங்கே பத்தாம் வகுப்பில் போட்டோம். மதுரையில் அவர்கள் அஞ்சு பேர். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே செட். இவன் வந்த பிறகு அங்கே நாலு பேர். அஞ்சாவது இடத்தில் கணினி யாரையாவது முன்பின் தெரியாத ஆளைக் கொண்டுவந்து போடுமாம். பத்து மாசமாக அப்படித்தான் ஆடுகிறார்கள். புதுசாக ஒருத்தனை அவர்கள் நிரந்தரமாகச் சேர்க்கவில்லை.

"ஏன் சேக்கல?"

"நான் வாங்கிருவேன்னு சொல்லியிருக்கேன்ல."

கரும்புச்சாறுக்குக் காசு கொடுக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அந்த ராத்திரிக் கத்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புனே வந்த பிறகு பையன் பள்ளியில் இங்கிலீஷ், அபார்ட்மென்ட்டில் ஹிந்தி, ஆட்டோக்காரரிடம் மராத்தி. எங்களிடம் பேசும் தமிழ் "சாப்பிட்டேன்", "தெரியல", "சரி" என்று மூணு வார்த்தைக்குள் சுருங்கிக்கொண்டு வந்தது. ஆனால் ராத்திரி மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் தமிழ் வேறு. "டேய் மாப்ள, இங்கிட்டு வா, அங்கிட்டு ஒருத்தன் பதுங்கியிருக்கான்டா!" சுத்தமான மதுரை. நாலு தடவை கதவைத் தட்டி "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுல தூங்குறாங்க" என்று அதட்டியவன் நான்தான்.

நாலு மணிக்குக் கடை திறந்தது. கடைப்பையன் என்னைக் "காகா" என்றான். மராத்தியில் சித்தப்பா முறை. எனக்கு இன்னமும் தலைக்கு மேல் ஏதோ பறக்கிற மாதிரிதான் இருக்கிறது. மாலையில் கணக்கு முடிந்தபோது இப்படி இருந்தது (2025 மே விலை):

பிராசசர், ரைசன் 5 5600ஜி: 11,500
மதர்போர்டு, பி450: 5,500
ராம், 8 ஜிபி இரண்டு: 3,000
எஸ்எஸ்டி, 500 ஜிபி: 2,900
எஸ்எம்பிஎஸ், 550 வாட்: 3,700
கேபினட்: 2,000
மானிட்டர், 22 இன்ச், 100 ஹெர்ட்ஸ்: 6,900
கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்: 1,800
யூபிஎஸ், ஸ்பைக் போர்டு: 2,600

மொத்தம் 39,900. மிச்சம் நூறு ரூபாய். அதில் ஆளுக்கு ரெண்டு வடா பாவ். நாற்பதாயிரத்துக்குள் முடித்த பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மதர்போர்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பி450 பழைய மாடல். 5000 வரிசை பிராசசர் வருவதற்கு முன்னாலேயே கடைக்கு வந்தது. பழைய சரக்கு என்றால் உள்ளே இருக்கும் பயாஸ் மென்பொருளுக்கு இந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. "பயாஸ் புதுப்பித்ததா?" என்று கேட்டு, கடைக்காரரையே சோதித்துத் தரச் சொல்லி வாங்குவது நல்லது. நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

கோப்பது அன்று ராத்திரியே நடந்தது. கூடத்தில் பாய் விரித்து, ஸ்டூல் மேல் போனை நிறுத்தி, வீடியோ காலில் மதுரையிலிருந்து நாலு தலைகள். இவன் கையில் ஸ்க்ரூ டிரைவர், ஆணையெல்லாம் அங்கிருந்து. "டேய், சிபியூ மூலையில தங்கக் கலர்ல முக்கோணம் இருக்கும், அதையும் சாக்கெட்டுல இருக்க முக்கோணத்தையும் சேத்து வைடா." "அமுக்காத, தானா உக்காரும்." "எட்டுப் பின் ஒயரை மறந்துறாத, போன தடவை எங்க மாமா மறந்துட்டாரு." நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். தங்கமணி எல்லோருக்கும் சேர்த்துத் தோசை வார்த்தாள். (அந்த நாலு பேரும் திரையில் பார்த்து வயிறெரிந்தார்கள்.)

பதினொண்ணேகால் மணிக்குச் சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டரில் மட்டும் "சிக்னல் இல்லை".

அணைத்துப் போட்டான். அதேதான். ஒயர்களையெல்லாம் பிடுங்கி மாட்டினான். அதேதான். மதுரைப் பக்கம் சத்தமே இல்லை. பையன் கேபினட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய உண்டியல் காசும், அப்பத்தா காசும், பத்து மாச வாக்கும் அதற்குள் இருந்தது. காது மடல் சிவந்துவிட்டது. அழுகையை அடக்கினால் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

எனக்குக் கணினி ஞானம் கிடையாது. ஆனால் 2003இல் சிவகங்கைப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தபோது, கவுன்ட்டர் கணினி படம் காட்டாமல் மக்கர் பண்ணினால் பியூன் அண்ணன் ஒருவர் செய்யும் வைத்தியத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மூடியைத் திறப்பார், ராமைப் பிடுங்குவார், பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் காலைத் தேய்ப்பார், மறுபடி வைத்து ஒரு அமுக்கு. "உக்காந்துருச்சு சார், வவுச்சரைப் போடுங்க" என்பார்.

"தம்பி, அந்த ராமை எடு" என்றேன்.

மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் எடுத்தேன். புதுசு, ரப்பர் வேண்டியதில்லை. மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து அவன் பூ வைக்கிற மாதிரி வைத்திருக்கிறான். நான் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினேன். "டிக்." இரண்டாவதையும். "டிக்."

சுவிட்ச். ஃபேன். விளக்கு. திரையில் கம்பெனி சின்னம்.

போனுக்குள்ளிருந்து எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்றைக்கு நான் யாரையும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

பெருமை மறுநாள் காலை இறங்கியது. விண்டோஸ்! அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதை அப்பனும் பிள்ளையும் அட்டவணையில் போட மறந்துவிட்டோம். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் வேலரண்டின் திருட்டாட்டத் தடுப்பு மென்பொருள் அதில் ஓடாது. "ஆக்டிவேட் பண்ணாமயே ஓட்டலாம்ப்பா, நிறையப் பேரு அப்படித்தான்" என்றான். ஆயுசுக்கும் ஆடிட்டுக்குப் பயந்தே வாழ்ந்தவன் நான். எட்டாயிரத்துச் சொச்சம், என் கையிலிருந்து. எனவே தலைப்பில் இருக்கும் நாற்பதாயிரம் சுத்தப் பொய். யாராவது பட்ஜெட் போட்டால் முதல் வரியிலேயே விண்டோஸை எழுதிவிடுங்கள். அப்புறமும் ஆட்டம் திறக்க மறுத்தது. விண்டோஸ் 11இல் டிபிஎம், செக்யூர் பூட் என்று இரண்டு சங்கதிகளைப் பயாஸில் இயக்கினால்தான் உள்ளே விடும். அதையும் மதுரைக்காரர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிறு ராத்திரி அஞ்சாவது ஆள் ஆடினான். ஃப்ரேம் நூறுக்கு மேல். இன்னொரு வேடிக்கை. ஆட்டத்தின் சர்வர் மும்பையில் இருக்கிறது. புனேக்கு அது கூப்பிடு தூரம், நூத்தம்பது கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஒயர் வழியே ஆயிரத்து நானூறாவது இருக்கும். எனவே இவன் சுட்டால் முதலில் சேருகிறதாம். "மாற்றல்ல வந்ததுக்கு இது ஒண்ணுதான் லாபம்" என்று அவன் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இரண்டாம் தவணை தீபாவளி கழிந்து, 2025 நவம்பரில் கொடுத்தேன். முதல் டெர்ம் மார்க் மோசமில்லை. கர்வே நகரில் ஒரு எஞ்சினியரிங் மாணவர், படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆர்எக்ஸ் 6600 கார்டு, 12,500 ரூபாய். பழைய கார்டு வாங்கினால் அவர்கள் கணினியிலேயே ஒரு கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஃபேன் கரகரக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும், பில் கேட்க வேண்டும். 2022 செப்டம்பர் வரை எதீரியம் நாணயம் தோண்டுவதற்காக இராப்பகலாக ஓடிய கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. இது 132 வாட்தான் இழுக்கும். எங்கள் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் இரண்டும் தாங்கும். மே மாதமே ஒரு படி மேலே போனது வீண் போகவில்லை.

விலை பேசி முடிந்ததும் பையன் அந்த மாணவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "அட்டைப்பெட்டி இருக்கா அண்ணா?" (ஹிந்தியில் 'பய்யா'.) இருந்தது. பத்திரமாக வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதமே ராம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி சில்லுகளை வாங்கிக் குவிக்கிறார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்கும் 'குருஷியல்' வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. நாங்கள் மூவாயிரத்துக்கு வாங்கிய அதே ராமுக்குத் திலக் ரோட்டுக் கடைக்காரர் எட்டாயிரத்துக்கு மேல் சொன்னார். இப்போது கணினி கோக்க நினைப்பவர்கள் என் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். விலைக்கு நான் பொறுப்பில்லை.

2026 பொங்கலுக்கு வீட்டை ஒழித்தோம். பரணில் பார்த்தால் அத்தனை அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. கேபினட், மானிட்டர், மதர்போர்டு, பழைய கார்டின் பெட்டி வரைக்கும். உள்ளே வந்த தெர்மாகோல்கூட அப்படியே.

"எதுக்குடா இந்தக் குப்பை? எடுத்துப் போட்டா ரெண்டு மூட்டை அரிசி வைக்கலாம்" என்றாள் தங்கமணி.

"போடாதம்மா. அடுத்த டிரான்ஸ்பருக்கு வேணும்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கோபமெல்லாம் இல்லை. மழை வரும், குடை எடுத்து வை என்பது போலச் சொன்னான்.

நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். இறக்கி வைத்த இரண்டு பெட்டிகளையும் மறுபடி பரணில் ஏற்றி வைத்துவிட்டு, மெதுவாக இறங்கினேன்.